கேளிக்கைத் திடலும் அண்டை வீடும்: டெல்லியின் இரைச்சல், நெரிசல் பூசல்கள்

கேளிக்கைப் பூங்காக்களின் மீது அக்கம்பக்கத்தார் சொல்லும் புகார்கள் பெரும்பாலும் இரண்டு: ஒன்று இரைச்சல், மற்றொன்று வாகன நெரிசல். இரண்டும் ஒரே மாலைப் பொழுதில், ஒரே கூட்டத்தால் உண்டாகின்றன. சட்டமோ இரண்டையும் ஒன்றுபோல் நடத்துவதில்லை. இரைச்சலுக்கு டெசிபல் என்ற அளவும், மீறினால் தண்டமும் உண்டு. ஒரு திடல் தன்னைச் சுற்றியுள்ள தெருக்களில் எத்தனை வாகனங்களைக் கொண்டுவந்து குவிக்கலாம் என்பதற்கு அப்படி ஓர் எண் கிடையாது. டெல்லியில் இந்தப் பூசல்கள் பெறும் வடிவத்தை இந்த ஏற்றத்தாழ்வு பெரிதும் தீர்மானிக்கிறது. வீட்டு வாசலிலிருந்து தன் வண்டியை வெளியே எடுக்க முடியாதவரும், புகார் எழுதும்போது ஒலிபெருக்கியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நிலையான பூங்காக்கள்

டெல்லியின் முதல் பெரிய கேளிக்கைப் பூங்கா ‘அப்பு கர்’. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான ‘அப்பு’ யானைக்குட்டியின் பெயரைத் தாங்கி, 1984 நவம்பர் 19 அன்று பிரகதி மைதானத்தில் ராஜீவ் காந்தியால் திறந்துவைக்கப்பட்டது. மதுரா சாலையும் உச்ச நீதிமன்றமும் கண்காட்சி அரங்குகளும் சூழ்ந்த அந்த இடத்தில் மதிலை ஒட்டிய குடியிருப்பு என்று சொல்லத்தக்கது குறைவு. அதனால் பூங்கா இயங்கிய ஏறத்தாழ 23 ஆண்டுகளில் அதைத் துரத்திய பெரிய வழக்கு நிலக் குத்தகை பற்றியதே. 2008 பிப்ரவரி 17 அன்று அப்பு கர் மூடப்பட்டது. நிலம் உச்ச நீதிமன்ற விரிவாக்கத்துக்கும் மெட்ரோ பணிக்கும் போயிற்று. 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் கூடுதல் கட்டட வளாகத்தைக் குடியரசுத் தலைவர் ராம் நாத் கோவிந்த் திறந்துவைத்தார். நீதிமன்றங்களைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க இரைச்சல் மாசு விதிகள் இடம் தருகின்றன. அந்த வகையில், நகரின் முதல் பெரிய ராட்டினக் கூடம் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் அமைதிக்கு உரிய ஓர் இடத்தின் பக்கத்திலேயே இயங்கியிருக்கிறது.

பின்னர் வந்த பூங்காக்கள் நகரின் விளிம்புக்குச் சென்றன. குர்கான் எல்லையை ஒட்டிய காபசேராவில் நீர் விளையாட்டுப் பூங்கா எழுந்தது. வடமேற்கே ரோகிணியில், ரித்தாலா மெட்ரோ நிலையத்தின் அருகே, வணிக வளாகத்தோடு சேர்ந்த ஒரு பூங்கா வந்தது. எல்லைக்கு அப்பால் நொய்டாவும் இதே சந்தையில் பங்கெடுத்தது. தெற்கு டெல்லி மாநகராட்சி வேறொரு பாதையில் சென்றது. 2019-இல் சராய் காலே கான் அருகே உலக அதிசயங்களின் மாதிரிகளையும், 2021-இல் பஞ்சாபி பாகில் இந்திய நினைவுச் சின்னங்களின் மாதிரிகளையும் பழைய இரும்பிலிருந்து உருவாக்கி வைத்தது. ராட்டினம் ஓடாத இத்தகைய பூங்காக்களில் இயந்திர ஓசைக்கு வேலையில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் குடும்பத்தோடு வருபவர்களின் கார்கள் எங்கே நிற்கும் என்ற கேள்வி இங்கும் எழுகிறது.

பருவகாலத் திடல்கள்

டெல்லிவாசிகளின் அன்றாட வாழ்வில் கேளிக்கைப் பூங்கா வந்து இறங்குவது பெரும்பாலும் நவராத்திரிக் காலத்தில்தான். செங்கோட்டை மைதானத்தின் புகழ்பெற்ற ராம்லீலாக்கள் முதல் காலனிப் பூங்காக்களில் நடக்கும் சிறிய நாடகங்கள் வரை, ஏறத்தாழ பத்து நாட்கள் நகரெங்கும் மேளாக்கள் கூடுகின்றன. நாடக மேடை ஒரு மூலையில் இருக்கும். மீதி இடமெல்லாம் ராட்சத ராட்டினம், ஆடும் கப்பல், குழந்தைகளுக்கான சுழல் ரயில், தின்பண்டக் கடைகள். பத்து நாட்களுக்கு அது கேளிக்கைப் பூங்காவேதான். நிரந்தரப் பூங்காவுக்கு உள்ள வாகன நிறுத்துமிடமும் ஒலித் தடுப்பும் மட்டும் அதற்கு இல்லை.

இப்படி ஒரு காலனித் திடலின் மாலை நேரம் ஏழு மணிக்கு மேல் சூடுபிடிக்கும். ராட்டினங்களுக்கு மின்சாரம் தரும் டீசல் ஜெனரேட்டர் பெரும்பாலும் திடலின் பின்பக்க மதிலை ஒட்டி நிற்கும். அதாவது பின்வீட்டின் படுக்கையறைச் சன்னலுக்கு நேராக. ‘மரணக் கிணறு’ என்ற மரப்பலகைக் கூண்டுக்குள் பைக்குகள் சுவரேறிச் சுற்றும்போது எழும் உறுமல், உள்ளே இருப்பவர்களைவிட வெளியே இருப்பவர்களை அழைப்பதற்காகவே கூட்டப்படுகிறது. தொலைந்துபோன குழந்தையின் பெயரை மைக்கில் திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவிப்பும், ராட்டினக்காரரின் சினிமாப் பாட்டும், மேடையில் ராவணனின் சிரிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. வாசலில் மின் ரிக்‌ஷாக்கள் திரும்ப இடமில்லாமல் நின்று ஹாரன் அடிக்கும். கோல்கப்பா வண்டிகள் நடைபாதையை எடுத்துக்கொள்ள, நடப்பவர்கள் சாலையில் இறங்குவார்கள். குடியிருப்போர் நலச் சங்கம் காலனியின் இரும்புக் கதவுகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றைப் பூட்டிவிடும். வெளி வண்டிகளைத் தடுக்கப் பூட்டிய அந்தக் கதவு, உள்ளிருந்து அவசரமாக வெளியேற வேண்டிய வண்டியையும் சேர்த்துத்தான் தடுக்கும்.

நிரந்தரப் பூங்காவுக்கும் இத்தகைய திடலுக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. நிரந்தரப் பூங்காவின் உரிமையாளரோடு அண்டை வீட்டார் ஆண்டுக்கணக்கில் பேச்சு நடத்தலாம், வழக்குத் தொடரலாம். பத்து நாள் திடலின் மீது தொடுத்த புகார் விசாரணைக்கு வரும் முன்பே ராட்டினங்கள் லாரியில் ஏறி அடுத்த ஊருக்குப் போய்விடும். மேலும், திடலை நடத்தும் விழாக் குழுவில் இருப்பவர்களும் புகார் சொல்பவர்களும் ஒரே காலனிக்காரர்கள். பிள்ளைகள் ராட்டினத்தில் இருக்க, பெற்றோர் வீட்டில் சன்னலை அடைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

இரைச்சலை அளப்பதில் உள்ள சிக்கல்

டெசிபல் மடக்கை அளவு. ஒலி ஆற்றல் இரு மடங்கானால் அளவு 3 டெசிபல் மட்டுமே ஏறும். பத்து மடங்கானால் 10 ஏறும். காதுக்கோ 10 டெசிபல் ஏற்றம் ஏறத்தாழ இரு மடங்கு உரத்து ஒலிப்பதாகத் தோன்றும். திறந்தவெளியில் ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒலி, தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். இந்தக் கணக்கு தரைமட்ட ஒலிபெருக்கிக்கு ஓரளவு பொருந்தும். இடையில் மதில் இருந்தால் இன்னும் குறையும். ராட்டினத்தின் உச்சியில் எழும் அலறலுக்கு மதில் தடையாகாது. அது மூன்றாம், நான்காம் மாடி பால்கனிகளுக்கு நேர்கோட்டில் போய்ச் சேரும்.

இரண்டாவது சிக்கல் சுருதியைப் பற்றியது. சட்டம் கேட்பது மனிதச் செவியின் உணர்திறனை ஒட்டிய ‘ஏ’ அளவுகோல். அந்த அளவுகோல் 63 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த சுருதி ஒலியை ஏறத்தாழ 26 டெசிபல் குறைத்தே கணக்கில் சேர்க்கும். பெரிய ஒலிபெருக்கிகளின் அடித்தாளம் இருப்பது அந்தப் பகுதியில்தான். சுவரையும் மூடிய சன்னலையும் எளிதில் ஊடுருவுவதும் அதுவே. சன்னல் கண்ணாடி அதிர்கிறது என்று வீட்டுக்காரர் சொல்ல, கருவி அனுமதிக்குள் இருப்பதாகக் காட்டலாம். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்க முடியும்.

மூன்றாவது, சராசரி. இந்திய விதிகள் ஒலியைக் கால அளவு சார்ந்த சராசரியாகக் கணக்கிடுகின்றன. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரையான 16 மணி நேரம். ஒரு வீட்டின் முன் மாலை 6 முதல் 10 வரை இடைவிடாமல் 60 டெசிபல் ஒலியும், மற்ற 12 மணி நேரம் 45 டெசிபலும் இருப்பதாகக் கொண்டால், பகல் முழுவதற்குமான சராசரி சுமார் 54. குடியிருப்புப் பகுதியின் பகல் வரம்பு 55. நான்கு மணி நேரம் உரக்க ஒலித்த திடல், பகலின் மற்ற நேர அமைதியைக் கடன் வாங்கித் தேறிவிடுகிறது. பரீட்சைக்குப் படிக்கும் மாணவருக்கும் பணியிலிருந்து திரும்பியவருக்கும் தேவைப்படும் அமைதி அந்த நான்கு மணி நேரத்தில்தான்.

சட்டம் சொல்வது

இரைச்சல் மாசு (ஒழுங்குமுறை, கட்டுப்பாடு) விதிகள் 2000 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தன. அவை நிலத்தை நான்கு வகையாகப் பிரிக்கின்றன. பகல், இரவு வரம்புகள் தொழிற்பகுதிக்கு 75, 70. வணிகப் பகுதிக்கு 65, 55. குடியிருப்புக்கு 55, 45. அமைதி மண்டலத்துக்கு 50, 40. இரவு 10 முதல் காலை 6 வரை, மூடிய அரங்குகளுக்கு வெளியே ஒலிபெருக்கிக்குத் தடை. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால் அதன் எல்லையில் ஒலி, பகுதி வரம்பைவிட 10 டெசிபலுக்கு மேலோ 75-க்கு மேலோ போகக் கூடாது; இரண்டில் எது குறைவோ அதுவே எல்லை. தனியார் இடத்துக்கு அந்தச் சலுகை 5 டெசிபல் மட்டுமே. ஆகவே ஒரே காலனியில் பொதுப் பூங்காவில் நடக்கும் மேளா 65 வரை ஒலிக்கலாம். பக்கத்துத் தனியார் திடல் 60-இல் நிற்க வேண்டும். கேட்கும் காது என்னவோ ஒன்றுதான்.

புகார் அளிக்கும் உரிமைக்கும் ஒரு வாசற்படி வைக்கப்பட்டுள்ளது. வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறினால், அல்லது இரவு நேரக் கட்டுப்பாடுகள் மீறப்பட்டால், உரிய அதிகாரியிடம் புகார் செய்யலாம் என்கிறது ஏழாம் விதி. பகலில் குடியிருப்புப் பகுதியில் 64 டெசிபல் ஒலி வரம்பு மீறியதுதான். ஆனால் இந்த விதியின் கீழ் புகாருக்கான உயரத்தை எட்டாதது. இன்னொன்று: ஒலிபெருக்கிக்கும் இசைக்கருவிக்கும் தனி விதிகள் இருக்கின்றன, தண்டவாளத்தில் உருளும் சக்கரத்துக்கும் அதில் அமர்ந்தவர் போடும் கூச்சலுக்கும் அப்படித் தனி விதி இல்லை. பகுதியின் பொது வரம்புக்குள் அவை கரைந்துவிடுகின்றன.

இந்த விதிகளுக்கு உயிர் கொடுத்தது உச்ச நீதிமன்றத்தின் 2005 ஜூலை 18 தீர்ப்பு. அந்த வழக்கின் தூண்டுதல் 1998 ஜனவரியில் நாளிதழ்களில் வந்த ஒரு செய்தி: வன்கொடுமைக்கு ஆளான 13 வயதுச் சிறுமியின் கூக்குரல் அக்கம்பக்கத்து ஒலிபெருக்கி இசையில் அமிழ்ந்து யார் காதிலும் விழாமல் போனது. தலைமை நீதிபதி ஆர்.சி. லஹோட்டி தலைமையிலான அமர்வு, விரும்பாத ஒலியைக் கேட்கும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தும் உரிமை யாருக்கும் இல்லை என்ற நிலைப்பாட்டை எடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில், பண்டிகைகளுக்காக ஆண்டில் மொத்தம் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்வு தரும் மாநில அரசின் அதிகாரத்தையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

அந்த 15 நாட்களே டெல்லி மேளாக்களின் மூலதனம். 2025-இல் ராம்லீலாவுக்கும் துர்கா பூஜைக்கும் செப்டம்பர் 22 முதல் அக்டோபர் 3 வரை நள்ளிரவு வரை ஒலிபெருக்கி அனுமதிக்கப்பட்டது. குடியிருப்புப் பகுதிகளில் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. சாதாரண உரையாடலே ஒரு மீட்டர் தொலைவில் சுமார் 60 டெசிபல் இருக்கும். திறந்தவெளி மேடையும் 45 டெசிபலும் ஒரே ஆணையில் இடம்பெறும்போது, நடைமுறையில் நிலைப்பது நேரத் தளர்வுதான்.

தண்டங்கள் சிறிதல்ல. டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு 2021-இல் திருத்திய பட்டியலின்படி, ஒலிபெருக்கி விதி மீறலுக்குக் கருவி பறிமுதலும் 10,000 ரூபாய் தண்டமும் உண்டு. ஜெனரேட்டருக்கு அதன் திறனைப் பொறுத்து 10,000 முதல் ஒரு லட்சம் வரை. 2024 ஏப்ரல் முதல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் சிறைத் தண்டனைப் பிரிவு மாறி, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரையான அபராதமாகியிருக்கிறது. ஆயினும் ஒலி அளவி இல்லாமல் வரும் ரோந்துக் காவலர் செய்யக்கூடியது ‘கொஞ்சம் குறையுங்கள்’ என்று சொல்வதே. வண்டி தெருமுனையைத் தாண்டியதும் ஒலி பழைய இடத்துக்கு ஏறிவிடும்.

எண் இல்லாத நெரிசல்

ஒலி விதிகளைப்போல் நெரிசலுக்கு ஒரு சட்டம் இல்லை. அது பல துறைகளின் எல்லைக்கோடுகளில் சிதறிக் கிடக்கிறது. நிலம் டெல்லி வளர்ச்சி ஆணையத்துடையது என்றால் திடலுக்கு அனுமதி அங்கே. உட்தெருக்களும் கட்டண நிறுத்துமிடங்களும் மாநகராட்சியிடம். பெருஞ்சாலை பொதுப்பணித் துறையிடம். வண்டிகளை ஒழுங்குபடுத்துவது போக்குவரத்துக் காவல். கேளிக்கைப் பூங்காவுக்கு உரிமம் தரும் பொறுப்பு நெடுங்காலம் டெல்லிக் காவல் துறையிடம் இருந்தது. 2025 ஜூனில் துணைநிலை ஆளுநரின் ஆணையால் நீச்சல் குளம், உணவகம், விடுதி, கேளிக்கைப் பூங்கா, கலையரங்கு உள்ளிட்ட ஏழு வகை உரிமங்கள் காவல் துறையிடமிருந்து விலக்கப்பட்டு உள்ளாட்சி, உரிய துறைகளின் பொறுப்பாயின. தொழில் நடத்துவோருக்கு இது அலைச்சலைக் குறைக்கும். ஆனால் உரிமம் தருவதும் அதனால் தெருவில் சேரும் நெரிசலைச் சமாளிப்பதும் முன்பு ஒரே துறைக்குள் இருந்தன. இப்போது வெவ்வேறு துறைகளில்.

சுற்றுச்சூழல் அனுமதியும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. 2006 அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டப்பரப்புள்ள திட்டங்கள் முன் அனுமதி பெற வேண்டும். அனுமதிக்கான ஆய்வில் போக்குவரத்துத் தாக்கமும் வரும். அறிவிக்கையின் முதல் வடிவம், வானம் பார்த்த வசதிகளுக்கு அவற்றின் செயல்பாட்டுப் பரப்பையே கணக்கிடச் சொன்னது. பின்னர் வந்த திருத்தம் கட்டடத் தளங்களின் கூட்டுப் பரப்பை அளவாக்கியது. கேளிக்கைப் பூங்காவோ பெரும்பாலும் திறந்தவெளி. பத்து நாள் மேளாவுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது.

இரைச்சலையும் நெரிசலையும் பிரித்துப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்குச் சென்னையிலிருந்து ஒரு முன்னுதாரணம் உண்டு. மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி, மேளச் சத்தத்துக்கு எதிராகக் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்டில் காலனியின் பக்கம் நின்றது. அந்த வழக்கில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த அளவீடு, இரைச்சலுக்குத் தேவாலயம் மட்டுமே காரணமல்ல, சாலையில் ஓடும் வாகனங்களும் காரணம் என்று காட்டியிருந்தது. கேளிக்கைத் திடலிலும் இதுவே நிலை: கருவியில் பதியும் டெசிபலில் பாட்டு எவ்வளவு, அதைக் கேட்க வந்தவர்களின் ஹாரன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நெரிசலின் எல்லை திடலின் வாசலோடு நிற்பதுமில்லை. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை அருகே பனையூரில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் இசை நிகழ்ச்சியால் கிழக்குக் கடற்கரைச் சாலை மணிக்கணக்கில் திணறியது. முதலமைச்சரின் வாகனமும் அதில் சிக்கியது. மாறாக, சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சிகள் கூவம் ஆறு சூழ்ந்த, வீடுகளிலிருந்து விலகிய நிலத்தில் நடப்பதால் அண்டை வீட்டுப் பூசல் அங்கே பெரிதாக எழ வாய்ப்பில்லை. இடத் தேர்விலேயே பாதிப் பிரச்சினை முடிவாகிவிடுகிறது.

முதலில் வந்தவர் யார்

இத்தகைய வழக்குகளில் திடல் தரப்பு சொல்லும் வழக்கமான வாதம், ‘நாங்கள் முன்பே இருந்தோம், தெரிந்தேதானே வீடு வாங்கினார்கள்’ என்பது. இந்தியத் தீங்கியல் சட்டத்தின் வேர் இருக்கும் ஆங்கிலச் சட்டம் இதைத் தற்காப்பாக ஏற்பதில்லை. ஸஃபோக் பகுதியில் 1970-களிலிருந்து இயங்கிய ஒரு மோட்டார் பந்தயத் திடலின் அருகே 2006-இல் வீடு வாங்கியவர்கள் தொடுத்த வழக்கில், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2014-இல் இதை மறுபடியும் உறுதிசெய்தது. தொல்லையைத் தேடி வந்தார்கள் என்பதற்காக அவர்களின் உரிமை போய்விடாது. ஆனால் தடையாணைக்குப் பதிலாக இழப்பீடு தரும் வழியையும் நீதிமன்றங்கள் தாராளமாகப் பரிசீலிக்க வேண்டும் என்றது அதே தீர்ப்பு. இங்கிலாந்தின் ஆல்ட்டன் டவர்ஸ் கேளிக்கைப் பூங்காவின் அண்டை வீட்டார் 2004-இல் இரைச்சல் தணிப்பு ஆணை பெற்றார்கள். அந்த வழக்கு 2007 வரை உயர் நீதிமன்றத்தில் நீண்டது.

டெல்லியில் கேள்வி இன்னும் சிக்கலானது. காலனியைத் திட்டமிட்டபோதே வரைபடத்தில் பச்சை நிறத்தில் குறித்த பூங்காதான் திடலாக மாறுகிறது. விழாக் குழு, பல்லாண்டு மரபு என்று அதன்மீது உரிமை கொண்டாடுகிறது. அங்கே நடக்கப் போகிறவர்களும் விளையாடப் போகிறவர்களும், பொது வெளி என்று உரிமை கொண்டாடுகிறார்கள். இருவருமே பழையவர்கள்.

தணிக்கும் வழிகள்

வெளிநாட்டு அனுபவம் பொறியியல் தீர்வுகளைக் காட்டுகிறது. மரங்களின் உயரத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டால் ஆல்ட்டன் டவர்ஸ் 1994-இல் தன் ‘நெமிசிஸ்’ ரோலர் கோஸ்டரைப் பாறையைக் குடைந்த பள்ளத்துக்குள் அமைத்தது. கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் 2013-இல் திறந்த ‘கோல்டு ஸ்டிரைக்கர்’ மர ரோலர் கோஸ்டர், அண்டை அலுவலகக் கட்டட உரிமையாளரோடு ஏற்பட்ட தகராறின் பின்னணியில், முதல் சரிவையே சுரங்கம்போல் மூடிக்கொண்டது. ஒலி அதிகமாக எழும் இடம் சவாரியின் எந்தக் கணம் என்று கண்டு அதை மட்டும் அடைப்பது, பூங்கா முழுவதையும் மதிலால் சூழ்வதைவிடப் பயன் தரும்.

பத்து நாள் திடலுக்கு இவ்வளவு செலவு தாங்காது. அதற்குரியவை எளிய ஏற்பாடுகள். ஒலிபெருக்கியின் உச்ச அளவைக் கருவியிலேயே பூட்டிவிடும் ஒலி வரம்பிகள். ஒரே பெரிய ஒலிபெருக்கிக்குப் பதிலாக, வீடுகளுக்கு முதுகுகாட்டி, திடலின் நடுப்பக்கம் திரும்பிய பல சிறியவை ஆங்காங்கே. மதிலோரம் அல்லாமல் சாலையோரம் நிற்கும், உறையிட்ட ஜெனரேட்டர். மரணக் கிணற்றுக்குத் தனி நேர வரம்பு. இவையெல்லாம் அனுமதிச் சீட்டில் நிபந்தனையாக எழுதக்கூடியவை. சராசரிக்குப் பதில், மாலை நேரத்துக்கென்று தனி அளவீடும் அதனுடன் சேர்ந்தால், நான்கு மணி நேர இரைச்சல் பன்னிரண்டு மணி நேர அமைதியின் பின்னால் ஒளிய முடியாது.

நெரிசலுக்கு டெல்லியிடமே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் இரு வாரம் பிரகதி மைதானத்தில் நடக்கும் இந்திய சர்வதேச வர்த்தகக் கண்காட்சியின் சீட்டுகள் இப்போது மைதான வாயிலில் விற்கப்படுவதில்லை. நகரெங்கும் உள்ள மெட்ரோ நிலையங்களில் கிடைக்கின்றன. மைதானத்தை ஒட்டிய உச்ச நீதிமன்ற நிலையம் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. சீட்டு வாங்குவதற்கே ரயிலேற வேண்டியிருப்பதால், வருபவர் காரை வீட்டிலேயே விட்டுவிட ஒரு காரணம் கிடைக்கிறது. வாயிலில் வரிசை தேங்குவதும் குறைகிறது. இந்த ஏற்பாட்டுக்குப் புதிய சட்டமோ கட்டுமானமோ தேவைப்படவில்லை. 2022-இல் அதே மைதானத்தின் கீழே சுமார் 920 கோடி ரூபாய்த் திட்டத்தின் பகுதியாகத் திறந்த சுரங்கச் சாலை இன்னொரு வகைத் தீர்வு; காலனித் திடல்கள் எதிர்பார்க்க முடியாதது.

திடலுக்கு அனுமதி தரும்போதே வாகன நிறுத்தத் திட்டத்தையும், ஒரு மாலைக்கு வரக்கூடியவர்களின் உச்ச எண்ணிக்கையையும், ஆம்புலன்ஸுக்கான திறந்த வழியையும் கேட்டு வாங்குவதும், அவற்றுக்கு ஒரே துறையைப் பொறுப்பாக்குவதும் நெரிசலுக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கும். அப்போது, வாசலில் வண்டி அடைபட்டவர் அதைப் பற்றியே புகார் எழுதலாம்.